மதுரை காலியாக இருந்ததில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப் 1858-ல் எடுத்த மதுரைப் படங்களைப் போட்டு, 'கூட்டமில்லாத, அமைதியான அந்தக் கால மதுரை' என்று எழுதியிருந்தீர்கள். படங்கள் அருமை, அச்சும் பளிச்சென்று வந்திருக்கிறது. அந்த ஒரு வரியைத்தான் ஏற்க முடியவில்லை.

ட்ரைப் பயன்படுத்தியது மெழுகேற்றிய காகித நெகட்டிவ். நிமிடக்கணக்கில் வெளிச்சம் விழுந்தால்தான் அதில் படம் பதியும். மீனாட்சி கோயில் எதிரே உள்ள புதுமண்டபத்துத் தூண் அசையாமல் நிற்கும். குறுக்கே நடந்து போகிறவர் தடமில்லாமல் போய்விடுவார். அதே காகிதத்தில் வானமும் வெறும் வெள்ளையாகத்தான் விழும். அதற்கு மட்டும் அவர் மெனக்கெட்டிருக்கிறார்: நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி மேகம் வரவழைத்திருக்கிறார். வானத்தில் இல்லாத மேகத்தைச் சேர்த்தவருக்கு, கோயிலில் இருந்த ஜனங்கள் படத்தில் இல்லாதது ஒரு குறையாகப் படவில்லை.

படவும் செய்யாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படையில் கேப்டன் அவர். 1856-ல் மெட்ராஸ் அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1855-ல் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் தஞ்சையைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. மூன்றே வருடத்தில் இந்த கேப்டனின் கேமரா பெரிய கோயில் முன்னால் நிற்கிறது. கைக்கு வந்த சொத்துக்குப் பட்டியல் போடுகிற வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. (அந்தச் செலவும் ஆடம்பரம் என்று கவர்னர் ட்ரெவெல்யன் பிறகு நிறுத்திவிட்டார் என்பது வேறு கதை.)

அதற்காக அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியிருக்கிறார். தஞ்சைக் கல்வெட்டுகள் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதியாக அச்சேறத் தொடங்கியது 1891-ல்தான். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்பது என் இன்னொரு வருத்தம்.

அடுத்த இதழில் திருமலை நாயக்கர் மகால் படங்கள் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். நேப்பியர் பிரபு கவர்னராக வந்து பழுதுபார்க்க வைப்பதற்கு முன், மகால் பாழடைந்து கிடந்த காலத்துப் படங்கள் அவை. எடுத்த ஆண்டையும், எடுத்தவர் யாரிடம் சம்பளம் வாங்கினார் என்பதையும் படத்துக்குக் கீழேயே போட்டுவிடுங்கள்.

- ஒரு வாசகர், திருப்பரங்குன்றம்