எத்தனாவது படி

லீட்ஸ்,
நவம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ, அத்தான், அம்மா, பிள்ளைகள் எல்லாரும் நலமா? உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று திட்டியிருந்தாய். திட்டியது சரிதான். போனில்தான் பேசுகிறோமே என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் போனில் "சாப்பிட்டாயா, குளிர் எப்படி" என்பதைத் தாண்டி நாம் என்ன பேசியிருக்கிறோம்?

முதலில் பெரியம்மா விஷயம். பத்திரிகையில் வந்த என் கதையில் இருப்பது தான்தான் என்று கோபமாக இருக்கிறாளாமே. சத்தியமாக நான் எடுத்துக்கொண்டது அந்த பீரோ சாவியை மட்டும்தான். பெரியப்பா போன அன்று, வீடு முழுக்க ஆட்கள் இருக்க, பொழுதெல்லாம் சாவியைத் தேடிக்கொண்டே இருந்தாளே, அது. முதல் தடவை எழுதியபோது கதையில் அந்த அம்மாள் மூன்று பக்கத்துக்கு அழுதாள். படித்துப் பார்த்தால் எழுதிய எனக்கே அழுகை வரவில்லை. ஐந்தாவது தடவை அழுகையை மொத்தமாக அடித்துவிட்டு, "சாவிய எங்க வெச்சீங்க?" என்று செத்தவரிடமே கேட்க வைத்தேன். அப்புறம்தான் கதை காலூன்றி நின்றது. இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொல்லி வைக்காதே. கதையில் வருகிறவள் கண்ணாடி போட்டிருக்கிறாள், அதனால் அது நீயில்லை என்று மட்டும் சொல்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் நாலு மணி ஆவதற்குள் இருட்டிவிடுகிறது. வேலை இப்போது வாரத்துக்கு மூன்று நாள். எழுத நேரம் கிடைக்கிறதே, நல்லதுதான். பெரும்பாலும் நூலகத்தில் போய் எழுதுகிறேன். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கும், கதகதப்பாகவும் இருக்கும். அவர்கள் கதவைச் சாத்தும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் எழுதிவிட்டுப் படுத்துவிடுவேன். ஹீட்டர் போட்டால் எனக்குத் தலை வலிக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிக் கேட்டிருந்தாய். இன்னும் அப்படியேதான் இருக்கிறார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஆனால் நாலு மணிக்கு எழுந்துவிடுகிறார். தெருமுனையில் விக்டோரியா ராணி காலத்துச் சிவப்புத் தபால் பெட்டி ஒன்று இருக்கிறது. 'வி.ஆர்.' என்று ராணியின் எழுத்துகள் வார்ப்பிலேயே பொறித்திருக்கும். தினமும் டார்ச்சோடு போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்த அன்றைக்கே, "டிராலப்பைத் தெரியுமா?" என்று பிடித்துக்கொண்டார். அந்த ஆண்டனி டிராலப் நாவலாசிரியர், தபால் இலாகா அதிகாரியும்கூட. 1852இல் ஜெர்சி தீவில் தெருவோரத் தபால் பெட்டி வைத்தது அவர் யோசனைப்படிதானாம். பெரியவருக்கு முக்கியம் பெட்டிதான், நாவல் எல்லாம் பிறகுதான். டிராலப் விடியற்காலையில் எழுந்து, கைக்கடியாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் என்று கணக்காக எழுதிவிட்டு ஆபீசுக்குப் போவாராம். இப்படி நாற்பத்தேழு நாவல். தன் வாழ்க்கை வரலாற்றில் இதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவர் இறந்த பிறகு 1883இல் அது வெளிவந்ததும், எழுத்தென்ன கூலி வேலையா என்று பலர் முகம் சுளித்தார்களாம்.

நானும் போனில் கால் மணிக்கு அலாரம் வைத்து உட்கார்ந்து பார்த்தேன். பதினோரு சொல் வந்தது. அதில் நாலை அடித்தேன். இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும், அக்கா. மனசு வரும்போது எழுதலாம் என்று ஊரில் மாதக்கணக்கில் மாடியில் படுத்துக் கிடந்தேனே, அந்தப் பழக்கம் போய்விட்டது. இப்போது மனசு வந்தாலும் வராவிட்டாலும் உட்கார்ந்துவிடுகிறேன். பாதி நாள் குப்பைதான். ஆனால் குப்பையைக் கிளறினால் ஒரு சாவி கிடைக்கிறது.

போன மாதம் ஒரு வேடிக்கை நடந்தது. எழுதியதைச் சத்தமாகப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். பேச்சு காதில் சரியாக விழுகிறதா என்று அப்போதுதான் தெரியும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினார் பெரியவர். யாரோடோ சண்டை போடுகிறேன் என்று பயந்துவிட்டாராம். கதை என்றேன். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "படி" என்றார். தமிழில் ஒரு எழுத்து தெரியாத மனிதர்! கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார். முடிந்ததும், "நன்றாக இருந்தது. நடுவில் ஒரு இடத்தில் ஏன் ஓடினாய்?" என்றார்.

எந்த இடம் என்று கேட்டேன். மறுபடி படிக்கச் சொல்லி, கையைத் தூக்கி நிறுத்தினார். பெட்டியோடு ஒரு பையன் மாடியிலிருந்து இறங்கி வெளிநாடு கிளம்புகிற இடம் அது. "இறங்கினான்" என்று ஒரே சொல்லில் முடித்திருந்தேன். நாலு வருஷமாக எத்தனை கதையில் எத்தனை பேரை ஊரை விட்டு அனுப்பியிருக்கிறேன்! எடுத்துப் பார்த்தால் எல்லாரும் ஒரு வரியில் போயிருக்கிறார்கள்.

அன்றைக்கு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ வாசலில் டாக்சிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாய். அம்மா கீழே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்திரமாகப் போ என்று சொல்லவில்லை. போய் லெட்டர் போடு என்றும் சொல்லவில்லை. "ஒடஞ்ச படிய பாத்து இறங்கு" என்றாள். அவ்வளவுதான். இதைக் கதையில் வைக்க மூன்று வாரமாக உட்காருகிறேன். ஒவ்வொரு படியாக அவனை இறக்குகிறேன், பாதியில் நின்றுவிடுகிறான். எந்தப் படி உடைந்தது என்று எனக்கு மறந்துவிட்டது, அக்கா. கீழிருந்து ஏழா, எட்டா? இருபத்தாறு வருஷம் ஏறி இறங்கின படி. இருட்டில்கூடக் கால் தானாகத் தாண்டுமே. நேற்று ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு இந்த அறையிலேயே நடந்து பார்த்தேன். காலுக்கும் மறந்துவிட்டது.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். விற்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அத்தானிடம் சொல். மழைக்கு ஒழுகுகிற வீட்டில் அம்மாவைத் தனியாக வைத்திருக்க முடியாது, அவள் உன்னோடு இருப்பதுதான் சரி. பவர் பத்திரம் உன் பெயருக்கே கொடுத்துவிடுகிறேன். அத்தான் வாசகத்தை எழுதி அனுப்பட்டும், நான் இங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துக்கு அத்தாட்சி வாங்கி அனுப்புகிறேன். பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும், அத்தானுக்கு ஞாபகப்படுத்து. என் பங்கு எப்போது கைக்கு வரும் என்று அவர் சொன்னால் நல்லது. அவசரம் ஒன்றுமில்லை, சும்மா ஒரு கணக்குக்குக் கேட்கிறேன். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு என் பங்கிலிருந்து முதலில் எடுத்துக்கொள். அப்பாவின் நோட்டுகளை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதே.

வாங்குகிறவர் வந்ததும் முதல் வேலையாக மாடிப்படியைத்தான் இடிப்பார் என்று எழுதியிருந்தாய். அதற்குள் ஒரு நடை போய் வா. கீழிருந்து எண்ணு. எத்தனாவது படி, எந்தப் பக்கம் உடைந்திருக்கிறது என்று எழுது. போனில் சொல்லாதே, கடிதத்திலேயே எழுது.

அன்புத் தம்பி