சுரைக்குடுக்கை பரணில் கிடக்கிறது

மேலூர்ப் பக்கத்துப் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் பெற்றோருக்கு வணக்கம்.

அடுத்த கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவர் எல்லாம் பேசுவீர்கள். கூடவே பத்து நிமிஷம் நீச்சலைப் பற்றியும் பேசுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர் தாய்மாமா. முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு கட்டித் தோட்டத்துக் கிணற்றில் இறக்கிவிட்டார். நாலாம் நாள் குடுக்கையைச் சொல்லாமலே அவிழ்த்துவிட்டார். கரையேறின பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்தக் கிணறு தூர்ந்து இப்போது போர்வெல் ஓடுகிறது. துவைக்கப் போன இடத்தில் பொம்பளைப் பிள்ளைகள் நீந்தப் பழகியதும் வீட்டுக்குள் குழாய் வந்ததோடு நின்றது. (குழாயைக் குறை சொல்லவில்லை, இடுப்பு வலித்தவளுக்குத் தெரியும் அதன் அருமை.) ஆனால் தண்ணீர் ஊரை விட்டுப் போய்விடவில்லை. பெரியாற்றுக் கால்வாய் ஓடுகிறது, கண்மாய் இருக்கிறது, கைவிட்ட கிரானைட் குவாரிப் பள்ளங்கள் செங்குத்தாக நிறைந்து நிற்கின்றன.

கண்மாயும் நம் அப்பா காலத்துக் கண்மாய் இல்லை. சவுடு அள்ளின பள்ளம் எங்கே இருக்கிறதென்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் தண்ணீர் என்று நடக்கிற பிள்ளைக்கு அடுத்த எட்டில் தலைக்கு மேல் போய்விடும். முங்குகிற பிள்ளை சினிமாவில் வருகிற மாதிரி கையை ஆட்டிக் கத்தவும் செய்யாது. மூச்சு வாங்கவே நேரம் பத்தாது.

எங்கள் கண்மாயில் ஒரு பையன் அப்படித்தான் சத்தமில்லாமல் உள்ளே போனான். காப்பாற்றக் குதிக்கப் போன இரண்டு கூட்டாளிகளையும், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி திட்டி நிறுத்தினார். தொரட்டிக்கம்பைத் திருப்பிப் பிடித்து, அடிப்பக்கத்தை நீட்டினார். பிடித்துக்கொண்டான். அந்த இரண்டு பேரும் குதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது, அவர்களுக்கும் நீச்சல் தெரியாது.

2021இல் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் சாவுக்கு மூன்றாவது பெரிய காரணம் இதுதானாம். நாமோ ‘குளிக்கத் தடை’ என்று பலகை வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். கோடை லீவில் அந்தப் பலகையில்தான் பையன்கள் சட்டையைக் கழற்றி மாட்டுகிறார்கள்.

மதுரை ரேஸ்கோர்ஸ் நீச்சல்குளத்துக்கு நம் பிள்ளைகள் தினமும் பஸ் ஏறிப் போக முடியாது. படிக்கட்டு நல்லபடியாக இருக்கிற கிணறு ஒன்று, தோட்டக்காரரின் சம்மதம், கயிறு, லாரி டியூப், நீந்தத் தெரிந்த பெரியவர்கள் நாலைந்து பேர் போதும். பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேகமாக நீந்துவதெல்லாம் அப்புறம். மல்லாக்க மிதக்கவும், திரும்பிப் படியைப் பிடிக்கவும் வரட்டும். அதற்கும் முன்னால், முங்குகிறவனைப் பார்த்தால் குதிக்காமல் கம்போ துண்டோ நீட்டப் பழக்குங்கள். காலாண்டு லீவில் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடலாம்.

“வயசுக்கு வந்த பிள்ளையைக் கிணற்றில் இறக்குவதா?” என்று கேட்பீர்கள். இறக்கத்தான் வேண்டும். அவர்களுக்குத் தனி நேரம் வையுங்கள், சுடிதாரோடே இறங்கட்டும். மாமாவின் குடுக்கை இரண்டு எங்கள் பரணில் இன்னும் கிடக்கிறது, எடுத்து வருகிறேன். அந்தப் பிள்ளைகளோடு தண்ணீரில் நான் நிற்கிறேன். கயிற்றைப் பிடிக்க மேலே இரண்டு பேர் வேண்டும்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா