பூங்கா யாருக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கின்றன 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு கட்டட விதிகள். நல்ல விதிதான். கிடைத்த இடத்தில் என்ன செய்வது என்பதில்தான் கோளாறு.

எங்கள் பகுதிப் பூங்காவில் எட்டு வடிவ நடைபாதை, உடற்பயிற்சிக் கருவிகள், நீரூற்று எல்லாம் உண்டு. நீரூற்று திறப்பு விழாவோடு சரி. காலை பத்து மணிக்குப் பூட்டினால் மாலையில்தான் திறப்பார்கள். பந்து விளையாடக் கூடாது என்று பலகை வேறு. விடுமுறை நாளில் பிள்ளைகள் எங்கே போவார்கள்? தெருவில்தான் கிரிக்கெட், வண்டிகளுக்கு நடுவே. வயதான பெண்கள் கேட்பது ஒரு கழிப்பறையும், முதுகு சாய்த்து உட்கார நாலு பெஞ்சும். வாசல் படியை எடுத்துவிட்டுச் சாய்தளம் போட்டால் சக்கர நாற்காலியும் உள்ளே வரும்.

இதையெல்லாம் வரைபடம் போடுமுன்பே கேட்டிருக்கலாம். அதற்குத்தான் 2022 முதல், கிராம சபை போல மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் நகரங்களிலும் கூடுகின்றனவே! பூங்காவோ விளையாட்டுத் திடலோ, ஒப்பந்தப்புள்ளி கோருமுன் வரைபடத்தை அங்கே வைத்துப் பேசட்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டினால் வேலைக்குப் போகிறவர்களும் வருவார்கள். பிள்ளைகளையும் அழைத்துக் கேட்கலாம். அப்புறம், காவலாளி சம்பளத்துக்கும் கழிப்பறைத் தண்ணீருக்கும் ஆண்டுதோறும் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் அதே கூட்டத்தில் சொல்லிவிட வேண்டும்.

– ஒரு வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்