காரைக்குடி மாணவர்கள் காரைக்குடியை அளக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச், ஏப்ரல் வந்துவிட்டால் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் கல்லூரி மாணவர்களின் ப்ராஜெக்ட் கண்காட்சிப் படங்கள் வரிசையாக வருகின்றன. முதல்வர் ரிப்பன் வெட்டுவார், பிள்ளைகள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்த மேஜைகளில் இருக்கும் அறிக்கைகளில் பலவற்றை அச்செடுத்து, தைத்து, அட்டை போட்டுக் கொடுப்பவன் நான். காரைக்குடியில் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பசை காயும் நேரத்தில் அறிக்கைகளைப் புரட்டிப் படிப்பது வழக்கம். படித்ததில் சேர்ந்த ஆதங்கம்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ், ஈ.சி.ஈ. பிள்ளைகள் கொண்டுவரும் தலைப்புகளில் நிறைய, படம் சம்பந்தப்பட்டவை. எம்.ஆர்.ஐ. படத்தில் மூளைக்கட்டியைக் கண்டுபிடிப்பது, இலையைப் பார்த்துப் பயிர்நோய் சொல்வது, முகத்தைப் பார்த்து வருகைப்பதிவு போடுவது. தலைப்பில் குறை இல்லை. ஆனால் போன வருடம் தைத்த அதே அறிக்கை இந்த வருடம் வேறு நாலு பெயரோடு வருகிறது. பொருளடக்கம் அதே, படங்கள் அதே, எழுத்துப்பிழைகூட அதே வரியில். பெரிய ஊர்களில் இதற்கென்றே ப்ராஜெக்ட் சென்டர்கள் உண்டு. பணம் கட்டினால் நிரல், அறிக்கை, பிபிடி, வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கேட்கப்போகும் கேள்விக்குப் பதில் என்று முழு செட்டாகத் தந்துவிடுவார்கள். பிள்ளைகளை மட்டும் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கடைசி செமஸ்டரில் வேலை இன்டர்வியூ ஒரு பக்கம், அரியர் ஒரு பக்கம். வழிகாட்டும் ஆசிரியர் தலையிலும் ஒரே நேரத்தில் பல குழுக்கள்.

இலைநோய் ப்ராஜெக்ட்டையே எடுத்துக்கொள்வோம். அநேகமாக எல்லாரும் பிளான்ட்வில்லேஜ் என்ற படத் தொகுப்பைத்தான் இறக்கிக்கொள்கிறார்கள். 54,306 படங்கள், 14 பயிர்கள். இலையைக் கிள்ளி, வெறும் பின்னணியில் வைத்து எடுத்த படங்கள். 2016-ல் வந்த ஆய்வுக் கட்டுரையில், இந்தப் படங்களைக் கொண்டு பழக்கிய நிரல் 99.35 விழுக்காடு சரியாகச் சொன்னது. அதே கட்டுரையிலேயே, வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அது 31 விழுக்காட்டுக்கு இறங்கியதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். என் கடைக்கு வரும் அறிக்கைகளில் முதல் எண் தவறாமல் இருக்கும். இரண்டாவது எண் இருந்த அறிக்கையை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, அந்த 14 பயிர்களில் ஆப்பிள் உண்டு, ஸ்ட்ராபெரி உண்டு. நெல் கிடையாது, நிலக்கடலை கிடையாது. பக்கத்தில் புதுவயல் முழுக்க அரிசி ஆலை. சாக்கோட்டைப் பக்கம் வயலில் இறங்கி ஒரு வாரம் படம் எடுத்தால், கையில் இருப்பது உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத தொகுப்பு.

இப்படிச் செய்ய முடியும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் செய்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் நாலு மாணவிகள் ஏ4 தாளில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்செடுக்க வந்தார்கள். க்யூஆர் கோடு மாதிரி, ஆனால் கட்டங்கள் இன்னும் பெரியவை. "எதுக்கும்மா இது?" என்றேன். "பழைய வீட்டுக்குள்ள அங்கங்க வைக்கணும்ணே. படத்துல எந்த இடம்னு கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியணும்" என்றாள் ஒருத்தி. எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. கடை போடும் முன் நான் ஐ.டி.ஐ. படித்த டிராப்ட்ஸ்மேன். பாகப்பிரிவினைக்கும் விற்பனைக்கும் செட்டிநாட்டு வீடுகளை முகப்பிலிருந்து பின்கட்டு வரை டேப் பிடித்து அளந்து வரைந்திருக்கிறேன். டேப் பிடிக்க ஆளே தேவையில்லாமல் எப்படி அளப்பார்கள் என்று பார்க்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தானுக்கு அவர்கள் பின்னால் போனேன்.

முறை இதுதான். ஒரே இடத்தைப் பல கோணங்களில், ஒரு படத்தில் இருப்பதில் பெரும்பகுதி அடுத்த படத்திலும் வரும்படி எடுத்துக்கொண்டே போக வேண்டும். எல்லாப் படங்களிலும் பொதுவாக உள்ள புள்ளிகளை மென்பொருள் தேடிப் பொருத்தும். அதை வைத்து கேமரா எங்கே நின்றது, புள்ளி எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டு முப்பரிமாண வடிவம் கொடுக்கும். போட்டோகிராமெட்ரி என்கிறார்கள். மெஷ்ரூம், கோல்மேப் என்ற மென்பொருள்கள் இலவசம். வடிவம் கிடைக்கும், அளவு கிடைக்காது. அதற்கு எங்காவது ஒரு நீளத்தையாவது டேப்பால் அளந்து கொடுத்தே ஆக வேண்டும். அதைக் கேட்டபோது பழைய டிராப்ட்ஸ்மேனுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

புத்தகத்தில் சுலபமாக இருந்தது வீட்டுக்குள் போனதும் நொண்டியது. நம் வீட்டுச் சுவர் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு. கறை இல்லை, கீறல் இல்லை, வெள்ளை வெளேர். பொருத்திப் பார்க்கப் புள்ளியே இல்லாததால் மென்பொருள் அந்த இடத்தை ஓட்டையாக விட்டுவிட்டது. தரையில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி வார்க்கும் கல் ஆகையால் முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. நாம் நகர்ந்தால் பளபளப்பும் நகரும், கம்ப்யூட்டர் குழம்பும். போதாததற்கு ஒரே பூ நூறு கல்லில் திரும்பத் திரும்ப வருகிறது. எந்தப் பூ எந்தப் பூ என்று அதற்கு எப்படித் தெரியும்? முற்றத்தில் வெயில் கொளுத்துகிறது, சுற்றியுள்ள அறைகளில் இருட்டு. முற்றத்துக்கு ஏற்ப எடுத்தால் அறை கறுப்பு, அறைக்கு ஏற்ப எடுத்தால் முற்றம் வெறும் வெள்ளை. பட்டாலைக் கூடத்தில் ஆளுயரப் பெல்ஜியம் கண்ணாடிகள் வேறு. கண்ணாடிக்குள் தெரியும் தூண்களையும் நிஜமென்று நம்பி, சுவருக்குப் பின்னால் இல்லாத ஓர் அறையைக் கட்டிக் கொடுத்துவிட்டது மென்பொருள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி சுவரில் டேப் ஒட்டக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "ஏத்தா, தரையைப் படம் எடுக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று கேட்டுவிட்டு அவரே பழைய வேட்டிகளை எடுத்துக் கொடுத்தார், கண்ணாடிகளை மூட. கட்டம் அச்சிட்ட தாள்களை முக்காலியிலும் நாற்காலியிலும் சாய்த்து வைத்தார்கள். லென்ஸுக்கு முன்னால் போலரைசர் என்ற, ஒளியை வடிகட்டும் கண்ணாடியை வைத்தால் தரைப் பளபளப்பு கணிசமாகக் குறைகிறது என்று கண்டுகொண்டார்கள். வெயில் உள்ளே இறங்குவதற்கு முன் காலையிலேயே முற்றத்தை முடித்தார்கள். மற்ற இடங்களை வெளிச்ச அளவை மாற்றி மாற்றி எடுத்தார்கள். கணக்குப் போடும் வேலையோ, ஒருத்தியின் அண்ணன் கேம் ஆட வாங்கிய லேப்டாப்பில் ராத்திரியெல்லாம் ஓடியது.

கடைசியில் வந்தது முழு வீடு அல்ல. தூண்கள் அழகாக வந்தன, சுவர் ஒரு பக்கம் அலை அலையாக இருந்தது. எது வரவில்லை, ஏன் வரவில்லை என்று தனி அத்தியாயம் எழுதியிருந்தார்கள். நான் தைத்த அறிக்கைகளில் அதைவிட நல்ல அத்தியாயம் பார்த்ததில்லை. வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டது: "அக்யூரசி எத்தனை பெர்சன்ட்?" மதிப்பெண் குறைந்துவிட்டதாக வந்து சொன்னார்கள். பக்கத்து மேஜையில் காசு கொடுத்து வாங்கிய 98 விழுக்காட்டுக்கு நல்ல மதிப்பெண்.

வழவழப்பான சுவர், பளபளப்பு, திரும்ப வரும் கோலம், வெயிலும் இருட்டும், கண்ணாடி. இந்தத் துறையில் உலகெங்கும் மண்டையை உடைத்துக்கொள்ளும் சிக்கல்கள் ஒரே வீட்டுக்குள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. 2023-ல் வந்த, படங்களிலிருந்து முப்பரிமாணக் காட்சி உருவாக்கும் காசியன் ஸ்பிளாட்டிங் என்ற முறை பளபளப்பைக் கண்ணுக்கு அழகாகக் காட்டுகிறது என்கிறார்கள். அதை நம்பி அளவெடுக்க முடியுமா? டேப்போடு நாலு பேர் போய் ஒரு ஆத்தங்குடித் தரையில் சோதித்தால் அதுவே ஒரு ப்ராஜெக்ட்.

கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் துறையே மாணவர்கள் பக்கத்தில் கிடந்ததை அளந்து வளர்த்த துறைதான். 1972-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஐவன் சதர்லேண்டின் வகுப்புப் பிள்ளைகள், அவர் மனைவியின் போக்ஸ்வேகன் காரை அளவுகோல் வைத்து அளந்து கணினியில் ஏற்றினார்கள். அதே வருடம் அங்கே படித்த எட் கேட்முல் தன் இடது கையைப் பிளாஸ்டரில் வார்த்து, அதன் மேல் கோடு போட்டு அளந்து, அசையும் கையைத் திரையில் காட்டினார். பின்னாளில் பிக்சார் என்ற அனிமேஷன் பட நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதும் 2019-ம் ஆண்டுக்குப் பெற்றார். 1975-ல் அதே இடத்தில் மார்ட்டின் நியூவெல் வீட்டுத் தேநீர்க் குடுவையை வரைந்தார். உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் இன்றும் இருக்கிறது அந்தக் குடுவை. பெர்க்லியில் பால் டெபெவெக் 1996-ல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு, புகைப்படங்களிலிருந்து கட்டடங்களை உருவாக்குவது பற்றியது. மறுவருடம் அந்த முறையில் தங்கள் வளாகத்து மணிக்கூண்டையே கணினிக்குள் கட்டிக் காட்டினார். ஸ்டான்போர்டு ஆட்கள் 1998-99-ல் மைக்கேலேஞ்சலோ சிலைகளை ஸ்கேன் செய்ய மாணவர்களையும் கூட்டிக்கொண்டு இத்தாலி போனார்கள். நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு செலவு இல்லை. கண்டனூருக்கு டவுன் பஸ் இருக்கிறது.

அவசரமும் இருக்கிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. இன்னொரு பக்கம், இடித்த வீடுகளின் தூணும் நிலையும் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. நான் அளந்து வரைந்த வீடுகள் சில இன்று தாளில் மட்டும்தான் இருக்கின்றன.

வீட்டை விட்டாலும் வேலை உண்டு. தேய்ந்த கல்வெட்டை, கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் நகர்த்திப் பல படங்கள் எடுத்துப் படிக்கிற முறை 2001-லேயே வந்துவிட்டது. ஒரு டார்ச்சும், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று காட்டப் பளபளக்கும் கறுப்பு உருண்டை ஒன்றும் போதும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். கண்மாயில் சீமைக்கருவேலம் வருடா வருடம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க அது தாராளம். அப்புறம், 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இதே ஊரில் இருக்கிறது, உலோகம் துருப்பிடித்து அரிக்கும் அரிமானம் அவர்கள் தொழில். ஜன்னல் கம்பியில் துரு பரவுவதை மொபைல் படத்தில் அளக்க ஒரு குழு முயன்றால் சந்தேகம் கேட்க வெகுதூரம் போக வேண்டாம். நம் மாவட்டத்தில் கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் அகழாய்வில் கிடைத்த மண்டை ஓடுகளுக்கு 2025-ல் கணினியில் முகம் கொடுத்தது லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம். ஸ்கேன் இங்கிருந்து போனது, முகம் அங்கிருந்து வந்தது. அடுத்த முறை பாதி வேலையாவது இங்கே நடக்கக் கூடாதா?

கல்லூரிகளிடம் நான் கேட்பது பெரிதல்ல. படம் சம்பந்தப்பட்ட ப்ராஜெக்ட் என்றால், அதில் ஒரு பகுதியாவது மாணவர்களே எடுத்த படமாக, அவர்களே அளந்த அளவாக இருக்கட்டும். தோற்ற பகுதியை எழுதினால் மதிப்பெண் குறைக்காதீர்கள். முக்கியமாக, அறிக்கையோடு மூலப் படங்களையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் துறை வாங்கி வைக்கட்டும். இப்போது நடப்பது என்ன தெரியுமா? பழைய அறிக்கைகள் எடைக்குப் போகின்றன, நான் போட்ட அட்டையோடு. அந்த நாலு பெண்களின் படங்கள் எந்த லேப்டாப்பில் கிடக்கின்றனவோ. அது கையில் இருந்தால் அடுத்த குழு சுவரிலிருந்து தொடங்கலாம், மறுபடி முதலிலிருந்து தூணை எடுக்க வேண்டாம்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று. பிள்ளைகள் கல்லூரிக் கடிதத்தோடு வந்தால் கதவைத் திறந்துவிடுங்கள். மாணவர்களும் பூட்டிக் கிடக்கும் வீட்டின் விலாசத்தையோ, எந்த அறையில் என்ன சாமான் இருக்கிறது என்பதையோ அறிக்கையில் எழுதக் கூடாது. திருட்டுப் பயம் இங்கே கற்பனை இல்லை.

டிசம்பர் வந்தால் கடைசி வருடத்துக்குத் தலைப்பு கொடுக்கச் சொல்வார்கள். ஜனவரியில் ப்ராஜெக்ட் சென்டர்களின் நோட்டீஸ் என் கடைக்கே ஜெராக்ஸுக்கு வரும். அதற்கு முன் துறைத்தலைவர்கள் உள்ளூர்த் தலைப்புகள் பத்து எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் நல்லது. அப்படி வரும் குழுக்களுக்கு அடையாளத் தாள் அச்சிடக் காசு வாங்க மாட்டேன். பைண்டிங் பாதி விலை.

இப்படிக்கு,
ஜெராக்ஸ், பைண்டிங் கடைக்காரர்,
காரைக்குடி.