ஷேடைக் கேட்பதற்கு முன்: லிப்ஸ்டிக் விற்கும் சகோதரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அழகுசாதனக் கடைகளில் உதட்டு ஒப்பனைப் பிரிவில் நிற்கும் சகோதரிகளுக்கு,

வணக்கம். உங்கள் எதிரே வந்து நிற்கும் பெண்ணிடம் நீங்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "என்ன ஷேட் பார்க்கிறீர்கள்?" என்றுதான். அந்தக் கேள்வியை இரண்டாவதாகக் கேளுங்கள் என்று வேண்டிக்கொள்ளவே இதை எழுதுகிறேன். "உதடு எப்படி இருக்கிறது, எத்தனை நேரம் நிற்க வேண்டும்?" என்பது முதலில் வரட்டும். ஒரே சிவப்பு, குச்சி லிப்ஸ்டிக்காகவும் பளபளக்கும் கிளாஸாகவும் (gloss) சாயமேற்றும் டின்டாகவும் பளபளப்பில்லாத திரவ மேட்டாகவும் கிடைக்கிறது. நான்கும் உதட்டில் நான்கு விதமாக நடந்துகொள்ளும். நிறம் ஒத்துவராவிட்டால் துடைத்துவிடலாம். வகை ஒத்துவராவிட்டால் உதடு உரிந்து எரியும்.

உதட்டுத் தோலின் மேற்படலம் மிக மெல்லியது. அதில் வியர்வைச் சுரப்பி கிடையாது. எண்ணெய்ச் சுரப்பியும் பெரும்பாலும் இல்லை. கன்னத்துக்கும் நெற்றிக்கும் இயல்பாகவே எண்ணெய்ப்பசை ஊறும். உதட்டுக்கு அது வாய்க்கவில்லை. அதனால்தான் மேலே பூசுவது எதுவோ அதைப் பொறுத்தே அதன் நிலை மாறுகிறது.

குச்சி லிப்ஸ்டிக் என்பது மெழுகு, எண்ணெய், நிறமி ஆகிய மூன்றின் சேர்க்கை. தேன்மெழுகோ கார்னூபா மெழுகோ அதற்கு உருவம் கொடுக்கும். விளக்கெண்ணெய் போன்றவை வழுக்கிக்கொண்டு பூச உதவும். எண்ணெய் கூடினால் கிரீம், சாட்டின் வகைகள். எண்ணெய் குறைந்து நிறமியும் சிலிக்கா போன்ற தூளும் கூடினால் மேட். கிரீம் வகை கோப்பையில் ஒட்டும், சாப்பிட்டால் போய்விடும். அதைக் குறையாகச் சொல்லி வாடிக்கையாளரை மேட் பக்கம் தள்ளாதீர்கள். வறண்ட உதடு உள்ளவருக்கு அந்த எண்ணெய்தான் தேவை.

திரவ மேட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாற்றமடைந்து திரும்புகிறவர்கள் அதை வாங்கியவர்கள்தாம். ஒட்டாமல் நெடுநேரம் நிற்கும் சாயம் புதிய ஆசை இல்லை. ஹேசல் பிஷப் என்ற வேதியியலாளர் 1950இலேயே அப்படி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைய திரவ மேட்டில் பெரும்பாலும் ஐசோடோடெக்கேன் போன்ற, விரைவில் ஆவியாகும் கரைப்பான் இருக்கிறது. அது ஆவியானதும் பிசினும் நிறமியும் ஒரு படலமாக உதட்டில் இறுகிவிடுகின்றன. காய்வதற்குள் உதடுகளை ஒன்றோடொன்று அழுத்தினால் படலம் குலைந்துவிடும். காய்ந்த பிறகு மேலே மேலே பூசினால் திட்டுத் திட்டாகப் பெயரும். தண்ணீரில் போகாது, ஆனால் எண்ணெயில் கரையும். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் உதட்டின் நடுப்பகுதி மட்டும் வெளுத்துப்போவது அதனால்தான். எடுப்பதற்கும் எண்ணெய்தான் வேண்டும். இது தெரியாமல் காகிதத்தால் தேய்த்துத் தேய்த்து இரத்தம் வரவழைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பில் போடும் முன் இந்த ஒரு செய்தியையாவது சொல்லி அனுப்புங்கள். உரிந்துகொண்டிருக்கும் உதட்டுக்கு இதைக் காட்டவே வேண்டாம்.

டின்ட் வேறு வகை. அதில் உள்ள சாயம் தோலின் மேற்படலத்திலேயே ஏறிவிடுகிறது. எடை தெரியாது, நெடுநேரம் நிற்கும். ஆனால் உரிந்த இடங்களில் சாயம் கூடுதலாகப் பிடித்து, அங்கங்கே கருத்த புள்ளிகளாகத் தெரியும். அது மறைக்கும் தன்மை இல்லாதது என்பதால் உதட்டின் சொந்த நிறமும் அதனூடே தெரியும். கருத்த உதட்டில் வெளிர் இளஞ்சிவப்பு டின்ட் கிட்டத்தட்ட காணாமலே போகும். ஆழ்ந்த பெர்ரி நிறமோ அழகாக எழும். புறங்கையில் ஒரு கோடு இழுத்து "இதுதான் நிறம்" என்று காட்டுவது அதனால் போதாது. கருத்த உதடு உள்ளவரிடம் "உங்களுக்கு எடுக்காது" என்று சொல்வதை நான் மிகவும் வெறுக்கிறேன். எடுக்காதது அந்தக் குறிப்பிட்ட வகை. நிறமி அடர்ந்த கிரீமை எடுத்துக் காட்டுங்கள், முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

கிளாஸ் பளபளக்கும், பிசுபிசுக்கும், காற்றடித்தால் முடி ஒட்டும், சீக்கிரம் போகும். தெரிந்து வாங்குகிறவருக்கு அதில் குறை ஒன்றுமில்லை.

உதட்டின் ஓரத்தில் கோடு வரையும் லைனரை இளம்பெண்களுக்கு மட்டும் காட்டுகிறீர்கள். வாயைச் சுற்றி மெல்லிய கோடுகள் விழுந்த மூத்த பெண்களுக்குத்தான் அது கூடுதலாக உதவும். மெழுகு மிகுந்த அந்தப் பென்சில் கோடு, சாயம் சுருக்கங்களுக்குள் பரவுவதைத் தடுத்து நிறுத்தும். "இந்த வயதில் எதற்கு?" என்று தயங்கி நிற்கிறவரிடம் இதை நீங்களாகவே எடுத்துச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஒவ்வாமை உண்டா என்றும் கேளுங்கள். வாசனைப் பொருளும் சிலருக்கு விளக்கெண்ணெயும்கூட ஒத்துக்கொள்வதில்லை. உதட்டைப் பருக்க வைப்பதாகச் சொல்லும் பிளம்பர்களில் பலவற்றில் மிளகாயின் காரப்பொருளோ மென்தாலோ இலவங்கப்பட்டையோ இருக்கிறது. அந்த வீக்கமே எரிச்சலால் வருவதுதான். வெடிப்பு உள்ள உதட்டில் அது என்ன பாடுபடுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. கார்மைன் என்ற சிவப்பு நிறமி கொச்சினீல் என்னும் பூச்சியிலிருந்து எடுக்கப்படுகிறது. மூலப்பொருள் பட்டியலில் 75470 என்ற எண்ணாகவும் இருக்கும். உயிர்ப்பொருள் வேண்டாம் என்று வாழ்கிறவருக்கு அதைச் சொல்லாமல் விற்பது நியாயமில்லை.

இன்னொன்று, வாங்கும் முன் பூசிப் பார்க்கக் கடையில் வைத்திருக்கும் டெஸ்டர். பலர் உதட்டில் பட்ட குச்சியை அடுத்தவர் உதட்டில் நேராக வைக்காதீர்கள். உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் கிருமி இப்படிப் பொதுவில் பயன்படுத்தும் பொருள்களால் பரவக்கூடும். மேற்பகுதியைச் சுரண்டி எறிந்துவிட்டு, ஒருமுறை பயன்படுத்தி வீசும் தூரிகையில் எடுத்துக் கொடுங்கள். அந்தத் தூரிகைகளை நிர்வாகம் வாங்கித் தராவிட்டால் கேட்டுப் பெறுங்கள். வாடிக்கையாளர்களான நாங்களும் உங்களோடு சேர்ந்து கேட்கிறோம்.

மாத இலக்கும் மேலாளரின் பார்வையும் உங்கள் மேல் இருப்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் வெடித்துப் புண்ணான உதட்டோடு ஒருவர் வந்தால், வாசனை சேர்க்காத ஒரு லிப் பாமை மட்டும் கொடுத்து, "ஆறிய பிறகு வாருங்கள், சேர்ந்து நிறம் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
லிப்ஸ்டிக்கை மிகவும் நேசிக்கும் ஒரு வாடிக்கையாளர்