உகந்தைக்கு அப்பால் ஒலிபெருக்கி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கதிர்காமப் பாதயாத்திரையின் காட்டுவழியில் தண்ணீர் பவுசர்களைக் கூட்ட வேண்டும், அடியார்கள் இரவில் தங்கும் இடங்களில் மின்விளக்கும் ஒலிபெருக்கியும் பொருத்த வேண்டும் என்று அண்மையில் தங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். தண்ணீர் விடயத்தில் அவரோடு எனக்குப் பிணக்கில்லை. வயது போனவர்களும் கைப்பிள்ளைக்காரரும் வருகிற வழி அது. மற்ற இரண்டும் வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வேலோடு புறப்படுகிறவர்கள் கதிர்காமம் போய்ச் சேர 500 கிலோமீற்றருக்கு மேல் நடக்கிறார்கள். அதில் பெரும்பகுதி ஊர்மனையும் தார் வீதியும் கோயில் மடமும்தான். வற்றாப்பளையிலும் வெருகலிலும் திருக்கோவிலிலும் அன்னதானம், பஜனை, சனக்கூட்டம் என்று சத்தத்துக்குக் குறைவில்லை. அங்கே அது அழகு. காட்டின் தொடக்கத்தில் உகந்தையிலிருக்கிற உகந்தமலை முருகனைக் கும்பிட்டு வனஜீவராசிகள் திணைக்களத்தின் வாயிலைத் தாண்டிய பிறகு வருகிற பகுதி வேறு. முதலில் குமண தேசியப் பூங்கா, குமுக்கன் ஆற்றைக் கடந்தால் யால தேசியப் பூங்கா. நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று பெயர் சொல்கிறோமே தவிர வழியில் வீடில்லை, கடையில்லை. கால் புதைகிற மணல், முள்ளுப் பற்றை, காய்ந்து வெடித்த குளங்கள், இடைக்கிடை பாலையும் வீரையும் நிற்கிற நிழல். விடியப்புறம் வெளிக்கிட்டால் மயிலும் காட்டுக்கோழியும் கூப்பிடுவது மட்டும் கேட்கும். முழுப் பயணத்திலும் எனக்குப் பிடித்தது இந்தத் துண்டுதான். பஸ்ஸில் உகந்தைக்கு வந்து காட்டை மட்டும் நடந்து முடிக்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்கும் இதுதான் இழுக்கிறது.

ஒலிபெருக்கி கேட்கிறவர்கள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு: சத்தம் இருந்தால் மிருகம் கிட்ட வராது. பாதி உண்மை. பழைய சாமிமார் வளைவு வந்தால் ‘அரோகரா’ என்று குரல் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு காது கொடுப்பார்கள். அந்த இரண்டாவது வேலையைத்தான் நாங்கள் கைவிட்டோம். நாவலடிக்கு அப்பால் ஒரு காலை, எங்களுக்கு முன்னால் போன இளந்தாரிகள் கையடக்கப் பெட்டி ஒன்றில் பக்திப் பாட்டு போட்டுக்கொண்டு போனார்கள். மட்டக்களப்பு ஐயா ஒருவர் ஓடிப்போய், “சாமி, அத ஒருக்கா நிப்பாட்டுங்க, முன்னுக்கு ஆன நிக்கிற மாதிரி இருக்கு” என்றார். நிற்பாட்டியதும் எல்லோருக்கும் கேட்டது, கிளை முறிகிற சத்தம். கூட்டத்தை விட்டுத் தனியே திரிகிற யானை அது. விலகிப் போகும்வரை மூச்சுக் காட்டாமல் இருந்தோம். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பெடியள் நேரே அதன் முகத்தில் போய் முட்டியிருப்பார்கள்.

கரடி இன்னும் பொல்லாதது. யாத்திரைக் காலமும் பாலைப்பழக் காலமும் ஒன்றாக வருகின்றன. வன்னியிலிருந்து வருகிற பாலைப்பழத்தைத் தின்று உதடு ஒட்டிக்கொள்ளாதவர் யாழ்ப்பாணத்தில் இருக்க மாட்டார். கரடிக்கும் அதில் அதே ஆசை, மரத்திலேறித் தின்னும். திடுக்கிட்டால் ஓடுவதைவிடப் பாய்வதே அதன் வழக்கம். ஆகவே பழம் கொட்டிக் கிடக்கிற பாலையின் கீழ் பாய் விரிக்காமலிருப்பது எந்த ஒலிபெருக்கியையும்விடப் பாதுகாப்பு.

விளக்குக்கு வருகிறேன். யாத்திரை நடக்கிற, தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற மாதங்களில் கிழக்குக் கரையில் மழை இல்லை. குமுக்கன் ஆறு மெலிந்து கிடக்கும், மணலில் ஊற்றுத் தோண்டித்தான் தண்ணீர் அள்ளுவோம். பகலில் நாங்கள் அள்ளுகிற ஆற்றில் இரவில் மானும் எருமையும் யானையும் குடிக்க வேண்டும். கரை முழுக்க வெளிச்சம் போட்டு ஜெனரேற்றர் ஓடவிட்டால் அவை எங்கே போகும்? ஆளுக்கொரு ரோச் லைற் போதும். அதே ஊற்றுக்குப் பக்கத்தில் சவர்க்காரம், ஷாம்பு போட்டுக் குளிக்கிறவர்களையும் வருடாவருடம் காண்கிறேன். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை, மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு உண்டு. கிணற்றடியில் குளித்து வளர்ந்த எங்களுக்கு, வாய்க்காலில் விட்ட நுரை வாழைக்குத்தான் போகும். ஆற்றில் விட்டது அடுத்த ஊற்றுக்குப் போகிறது.

காடும் அப்படித்தான், எங்களுக்குப் பழக்கமில்லை. எங்களுக்குக் கிட்ட இருக்கிற சுண்டிக்குளமே 2015இல்தான் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, அங்கேயும் பறவை பார்க்கப் போகிறோமே தவிர காடு நடப்பதில்லை. அதனால் சந்நிதியிலிருந்து புறப்படுவதற்கு முன், பல வருடம் நடந்த சாமி ஒருவர் புதியவர்களை இருத்தி அரை மணித்தியாலம் பேசினால் நல்லது. பொலித்தீன் சொப்பிங் பையை ஏன் கொண்டுவரக் கூடாது, ஏன் தனியே பின்தங்கக் கூடாது, எங்கே பாட்டை நிற்பாட்ட வேண்டும் என்பவற்றை உகந்தை வாயிலில் நெரிசலுக்குள் நின்று சொல்லி முடியாது.

நெரிசலுக்கும் ஒரு வழி உண்டு. வாயில் இரண்டு கிழமையளவில்தான் திறந்திருக்கிறது, முதல் சில நாளிலேயே எல்லோரும் உள்ளே நுழைகிறார்கள். திறந்திருக்கிற நாட்களைக் கூட்டச் சொல்லி மகஜர் கொடுப்பதை விட்டு, பிரதேச செயலகங்களில் முன்கூட்டிப் பதிந்து நாளுக்கு இத்தனை பேர் என்று உள்ளே விடச் சொல்லிக் கேட்கலாம். கொடியேற்றத்துக்கே போய்ச் சேர வேண்டும் என்கிற அடியார்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். அவர்களுக்கு முதல் நாட்களை ஒதுக்கிவிட்டு, மற்றவர்கள் பிந்திப் போனால் என்ன குறைந்துவிடும்?

அடுத்த யாத்திரைக்கு வேல் புறப்படுமுன் இதைப் பிரசுரித்தால் உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
பாதயாத்திரை அடியார் ஒருவர்,
அச்சுவேலி.