7-ஆம் தேதியா, 8-ஆம் தேதியா? ‘வரலாற்றில் இன்று’ தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொகுப்பாளர் குழுவினருக்கு,

வணக்கம். நாள்தோறும் காலையில் கைப்பேசிக்கு வந்துவிடும் உங்கள் ‘வரலாற்றில் இன்று’ பட்டியலை சிங்கப்பூரின் தமிழ் வகுப்பறைகளிலும், மூத்தோர் நிலையங்களின் அறிவிப்புப் பலகைகளிலும், குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் எத்தனை பேர் நம்பிப் படிக்கிறார்கள் என்பது உங்களுக்கே நன்றாகத் தெரியும். தவறுகளைச் சுட்டி வாசகர்கள் முன்பு எழுதியவையும் உங்களிடம்தான் இருக்கின்றன. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

கடந்த டிசம்பர் 7-ஆம் தேதிப் பட்டியலில், 1941-இல் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியதைப் போட்டீர்கள். மறுநாள் பட்டியலில், ‘பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு அடுத்த நாள்’ ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது, சிங்கப்பூர் மீது குண்டு வீசியது என்று எழுதினீர்கள். ‘அடுத்த நாள்’ என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த மடல்.

பேர்ல் ஹார்பரில் முதல் குண்டுகள் விழுந்தபோது ஹவாயில் காலை 7.48. அன்றைய ஹவாய் நேரம் கிரீன்விச்சுக்குப் பத்தரை மணி நேரம் பின்தங்கியது. எனவே கிரீன்விச்சில் மாலை 6.18. மலாயாவும் சிங்கப்பூரும் அப்போது ஏழரை மணி நேரம் முந்தியிருந்தன. இங்கே டிசம்பர் 8, பின்னிரவு 1.48. கோத்தா பாருக் கடற்கரையில் படகுகள் இறங்கத் தொடங்கியதோ நள்ளிரவு கடந்த ஒரு மணி நேரத்துக்குள். அதாவது மலாயா மீதான தாக்குதல்தான் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முந்தியது. சிங்கப்பூரில் குண்டு விழுந்தது விடியற்காலை நான்கு மணி கடந்து. பேர்ல் ஹார்பருக்கும் அதற்கும் இடைவெளி சுமார் இரண்டரை மணி நேரம், ஒரு நாள் அல்ல. தோக்கியோ நேரப்படி எல்லாமே டிசம்பர் 8-தான். குறுக்கே பன்னாட்டுத் தேதிக் கோடு கிடப்பதால் ஒரே இரவு இரண்டு தேதிகளாகத் தெரிகிறது.

இது அற்பப் பிழை அல்ல. அந்த முதல் வான் தாக்குதலில் இந்நகரில் 61 பேர் இறந்தார்கள். தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருக்க, உறக்கத்தில் இருந்த ஊர் மீது குண்டு விழுந்தது. ‘ஹவாய்ச் செய்தி வந்து ஒரு நாள் முழுதும் கடந்திருந்ததே, விளக்கைக்கூட அணைக்காமல் ஏன் இருந்தார்கள்?’ என்று ஒரு மாணவர் கேட்டால், அந்தக் கேள்வியே உங்கள் பட்டியல் உண்டாக்கிய கேள்வி. ஆசிரியர் என்ன சொல்லித் திருத்துவார்? அச்சில் வந்ததை எடுத்து நீட்டும் பிள்ளையிடம் தேதிக் கோட்டை வரைந்து காட்டி விளக்குவதற்குள் வகுப்பு நேரம் முடிந்துவிடும். அன்று செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊரில் இதை இப்படிச் சொல்லக்கூடாது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு நிகழ்வுக்கும் பக்கத்தில், அது எந்த ஊர்த் தேதி, எந்த நாட்காட்டித் தேதி என்று போடுங்கள்.

நாட்காட்டி விஷயம் இன்னும் சிக்கலானது. ஏப்ரல் 23 வந்தால் ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டஸும் 1616-இல் ஒரே நாளில் மறைந்தார்கள் என்று எழுதுகிறீர்கள். ஸ்பெயின் 1582-லேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. ஷேக்ஸ்பியர் இறந்த ஏப்ரல் 23, ஸ்பெயினில் மே 3. செர்வாண்டஸ் இறந்ததோ ஏப்ரல் 22. 23 அவரை அடக்கம் செய்த நாள். இருவர் மறைவுக்கும் இடையே பதினொரு நாள். ஷேக்ஸ்பியர் பிறந்ததும் ஏப்ரல் 23 என்று கூடவே சேர்க்கிறீர்கள். பதிவேட்டில் இருப்பது 1564 ஏப்ரல் 26-இல் நடந்த ஞானஸ்நானம் மட்டுமே.

மாற்றும் கணக்கு கடினமில்லை. 1582 அக்டோபர் 15 முதல் 1700 பிப்ரவரி வரை பழைய தேதியோடு 10 நாள் கூட்ட வேண்டும். 1700 மார்ச் முதல் 1800 பிப்ரவரி வரை 11, அடுத்த நூறாண்டுக்கு 12, 1900 மார்ச்சிலிருந்து 13. ரஷ்யாவின் ‘அக்டோபர்’ புரட்சி நவம்பர் 7-இல் வருவது இந்த 13 நாளால். 1582-க்கு முந்திய நிகழ்வுகளை மட்டும் மாற்றாதீர்கள். அவற்றைப் பழைய தேதியிலேயே சொல்வதுதான் வழக்கம். இங்கிலாந்தில் இன்னொரு குழி உண்டு. 1752-க்கு முன் அங்கே சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். அதே சட்டம் நடப்பிலிருந்த அமெரிக்கக் குடியேற்றத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது எழுதப்பட்டது 1731 பிப்ரவரி 11. இன்று நாம் சொல்வது 1732 பிப்ரவரி 22. தேதியும் மாறுகிறது, ஆண்டும் மாறுகிறது.

நேரக் கணக்கில் சிங்கப்பூருக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. இன்று நாம் கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முந்தி இருக்கிறோம். 1981 டிசம்பர் 31 இரவு 11.30-க்குக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி 1982-க்குள் நுழைந்தோம். அதற்கு முன், போருக்குப் பிந்திய காலம் முழுதும் நம் நேரம் ஏழரை. ஆக்கிரமிப்புக் காலத்தில் தோக்கியோ நேரப்படி ஒன்பது. இன்றைய எட்டைக் கூட்டிப் பழைய நேரத்தைச் சொன்னால் அரை மணி பிசகும். நிலவில் ஈகிள் கலம் இறங்கியது கிரீன்விச் நேரம் 1969 ஜூலை 20 இரவு 8.17. சிங்கப்பூரில் ஜூலை 21 விடியற்காலை 3.47, நீங்கள் எழுதிய 4.17 அல்ல. ஆம்ஸ்ட்ராங் காலடி வைத்தபோது இங்கே திங்கட்கிழமை காலை 10.26. கென்னடி சுடப்பட்ட நவம்பர் 22 நண்பகல், நமக்கு 23-ஆம் தேதி பின்னிரவு இரண்டு மணி.

நம் கவிஞருக்கே வருவோம். பாரதியின் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு தாண்டி ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு. சூரிய உதயத்தில் நாளைத் தொடங்கும் நம் வழக்கப்படி அது 11-ஆம் தேதி இரவுதான். ஆங்கிலக் கணக்கில் 12. தமிழ்நாட்டு அரசு மகாகவி நாள் என அறிவித்தது செப்டம்பர் 11-ஐ. நீங்கள் ஓர் ஆண்டு 11 என்றும் மறு ஆண்டு 12 என்றும் போட்டீர்கள். இரண்டில் எதையும் தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. எந்தக் கணக்கில் அந்தத் தேதி என்று ஏன் ஒரு வரி எழுதக்கூடாது?

நிகழ்வின் எந்தக் கட்டத்துக்குத் தேதி போடுகிறோம் என்பதும் அப்படித்தான். அமெரிக்க விடுதலைக்கு வாக்களித்தது 1776 ஜூலை 2, பிரகடன வாசகத்தை ஏற்றது ஜூலை 4, பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. நாளிதழ்த் தொகுப்பைப் பார்த்து எழுதுவோர் இதழின் தேதியையே நிகழ்வின் தேதியாக எடுத்துவிடுவதும் உண்டு. காலை இதழ் சொல்வது பெரும்பாலும் முந்தைய நாள் செய்தி. தேசிய நூலக வாரியத்தின் பழைய இதழ் மின்தொகுப்பு எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. செய்தியின் முதல் பத்தியில் ‘நேற்று’ இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

உண்மையான ஒற்றுமைகள் வேண்டிய மட்டும் இருக்கும்போது பொய்யானவை எதற்கு? அமெரிக்க முன்னாள் அதிபர்கள் ஆடம்ஸும் ஜெபர்சனும் 1826 ஜூலை 4 அன்று ஒரே நாளில் மறைந்தார்கள். டார்வினும் லிங்கனும் 1809 பிப்ரவரி 12-இல் பிறந்தார்கள். இரண்டுமே ஒரே நாட்காட்டி, ஐயத்துக்கு இடமில்லை.

இங்கே இன்னொரு வருத்தத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் கடற்போரும் நோபலின் பிறப்பும் தவறாமல் வருகின்றன. அதே அக்டோபர் 21, 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தது நம் கேத்தே கட்டடத்தில். ரப்பர் தோட்டங்களிலிருந்து புறப்பட்டு அவருடைய இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் எத்தனை ஆயிரம்! உங்கள் பட்டியலில் அதற்கு ஒரு வரி இல்லை. ஆகஸ்ட் 9-இல் நம் தேசிய நாளோடு நாகசாகியைச் சேர்க்கிறீர்கள். 1942-இல் அதே நாள் விடியற்காலையில், ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறிய சில மணி நேரத்தில் காந்தி கைதானதை விட்டுவிடுகிறீர்கள். சிங்கப்பூரின் தொடக்கக் காலத் தமிழ் வணிகர் நாராயண பிள்ளையை, இங்கே பிரிட்டிஷ் வணிகத் தளம் அமைத்த ராஃபிள்ஸுடன் ஜனவரி இறுதியில் கரையிறக்குகிறீர்கள். அவர் வந்தது ராஃபிள்ஸின் இரண்டாம் வருகையில், 1819 மே மாதம். வேறு நாட்டாருக்காகத் தொகுத்த பட்டியலைத் தமிழாக்கினால், அவர்களுடைய தேதிகளும் மறதிகளும் சேர்ந்தே வரும். நம் பிள்ளைகளுக்கு நம் ஊரின் நாள்களைச் சொல்லித்தர உங்களைவிட வாய்ப்புள்ளவர்கள் யார்?

குரல் சற்று உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆள்பலம் இல்லாமல், நாள் தவறாமல் இதைச் செய்கிறீர்கள் என்பதை அறிவோம். பத்து நிகழ்வுக்குப் பதில் நான்கு போடுங்கள், யாரும் குறை சொல்லமாட்டோம். அந்த நான்குக்கும் எந்த ஊர்த் தேதி, எந்த நாட்காட்டித் தேதி என்று மட்டும் தயவுசெய்து போடுங்கள்.

வருகிற பிப்ரவரி 15-லிருந்து தொடங்கலாம். அந்த நாளுக்கு மூன்று பதிவுகளை நாங்களே எழுதித் தருகிறோம். விரும்பினால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

1564: கலிலியோ பிறப்பு, பீசா நகரம், ஜூலியன் நாட்காட்டித் தேதி.

1915: சிங்கப்பூர், உள்ளூர்த் தேதி. அலெக்சாண்ட்ரா முகாமில் ஐந்தாம் இலகு காலாட்படையின் இந்தியச் சிப்பாய்கள் பிற்பகலில் கிளர்ந்தெழுந்தனர்; பின்னர் 47 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள்.

1942: சிங்கப்பூர், உள்ளூர்த் தேதி. புக்கித் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமாஷிட்டாவிடம் சரணடைந்தார். சண்டை நின்றது இங்கே இரவு 8.30, தோக்கியோ நேரம் இரவு 10. சீனப் புத்தாண்டின் முதல் நாள்.

மதிப்புடன்,
உங்கள் பட்டியலைத் தினமும் படிக்கும் சிங்கப்பூர்த் தமிழ் வாசகர்கள் சிலர்